மணலிலிருந்து மின்சாரம்



தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன சிலர், கூரையில் சூரியத் தகடு போடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். "நம்ம வெயிலுக்குக் கரண்டு கொட்டுமே சார்!" என்கிறார்கள். அந்தத் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சொல்லப்போனால் சூடு அதற்கு ஆகாது. தகடு 25 டிகிரியில் இருக்கும்போது தரும் அளவைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். உச்சி வெயிலில் நம் கூரைத் தகடு 60 டிகிரியைத் தொட்டால், பத்தில் ஒரு பங்கு அப்போதே போச்சு!

இதன் உயிர் சிலிக்கன். மணலில் இருப்பதுதான். அதைப் பிரித்து, உருக்கி, சுத்தம் பண்ணிப் பண்ணி, படிகமாக வளர்த்து, அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவுகிறார்கள். அவ்வளவு சுத்தம் செய்த பொருளில் வேண்டுமென்றே ஒரு பக்கம் துளி போரானும் மறுபக்கம் துளி பாஸ்பரசும் சேர்க்கிறார்கள். பாலைக் காய்ச்சி ஆற்றிய பிறகு நீங்கள் துளி மோரை உறை ஊற்றுவதில்லையா, அந்த மாதிரி. அந்த இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படுகின்றன. அதுதான் மின்சாரம்.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் 1940-இல் விரிசல் விட்ட ஒரு சிலிக்கன் துண்டைச் சோதித்தார். விளக்கு வெளிச்சம் பட்டதும் அதில் மின்சாரம் ஓடிற்று. இன்னொருவராயிருந்தால் உடைந்த துண்டு என்று தூக்கி எறிந்திருப்பார்! அதே கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் 1954-இல் செய்து காட்டிய தகடு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவைத்தது. விழுந்த வெளிச்சத்தில் 100-க்கு 6 பங்கே மின்சாரமானது. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் மார்ட்டின் கிரீன் குழுவினர் 1985-இல் ஆய்வுக்கூடத்தில் 20-ஐத் தொட்டார்கள். இன்று கடையில் விற்கும் நல்ல தகடே அதைத் தாண்டுகிறது. விலையும் அன்றைக்கு யானை விலை, இன்றைக்கு ஆட்டு விலை.

ஆகவே தகடு போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ராத்திரியில் தகடு ஒன்றும் தராது. பாட்டரி வேண்டும், இல்லையேல் லைன் கரண்டு வேண்டும். விற்க வருபவர் "ராத்திரியும் ஓடும்" என்றால், பாட்டரி விலையும் சேர்த்தா என்று கேளுங்கள். கூரைக்குமேல் மாமரக் கிளை கவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகட்டுக்குள் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்றில் நிழல் விழுந்தாலும், ரப்பர் குழாயை நடுவில் மிதித்ததுபோல் அந்த வரிசையின் ஓட்டமே குறைந்துவிடும்.