ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதுவோம்!



அன்று பஞ்சாலை நகராய் விளங்கிய மான்செஸ்டரில், ஏழைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் தம் பாட்டனாரை எங்கே தேடுகின்றனர்? பழைய பதிவேடுகளிலே! இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை அரசாங்க ஏட்டில் ஏறின. திருமண ஏட்டில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் உண்டு. எழுத்தறியாதார் கையெழுத்துக்குப் பதில் இட்ட கீறலும் உண்டு.

1851 ஜனத்தொகைக் கணக்கிலோ வயது, தொழில், பிறந்த ஊர் யாவும் உண்டு. ஆனால் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துத் தொழிலாளிக்கு? பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்தான்! ஊரைக் கேட்டு எழுதவில்லை. பேரனின் தேடல் அங்கேயே முட்டி நிற்கிறது.

கிராணிமார்களாகிய நாம் சங்க ஏட்டில் பெயரோடு ஊரையும் எழுதுவோம். பால்மரம் வெட்டும் தோழர்களே, நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்!