படம் வேறு, பணம் வேறு



மருதமுனைத் தறிகளில் நெய்த சேலைகளையும் சாறன்களையும் இன்று வெளியூரார் கைப்பேசியிற் படம் பார்த்தே வாங்குகின்றனர். மாணவர் சிலர் சேர்ந்து நாமும் அவ்வாறு விற்கிறோம்.

சென்ற ஆண்டு ஒருவர், பணம் வைப்பிட்டதாகப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பினார். நம்பிப் பொதியை அனுப்பினோம். கணக்கிலோ ஒரு சதமும் சேரவில்லை! நெய்தவருக்குக் கூலி முன்னரே கொடுத்தாயிற்று. அதைத் திருப்பிக் கேட்பதெப்படி? ஏமாற்றியவன் எவ்வூரான், எவ்வினத்தான் என்றே சிலர் முதலில் வினவினர். எமக்குத் தெரிந்தது ஒரு தொலைபேசி எண் மாத்திரமே.

வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணஞ் செல்லும் ஏற்பாடு இந்நாட்டில் 2015 முதல் உண்டு. ஆதலின் நமது கணக்கைப் பார்த்த பின்னரே பொதியைக் கட்டுவது வாங்குபவரை அவமதிப்பதாகாது.

கடனட்டையின் சங்கதி வேறு. பணம் வந்து சேர்ந்த பின்னும், "பொருள் கிடைக்கவில்லை" என்று வாங்கியவர் தமது வங்கியில் முறையிட்டால், வாரங்கள் கழிந்தும் அது திரும்பிப் போகலாம். அட்டையைக் களவு கொடுத்தவருக்கு இது நியாயமான காவலே. ஆயினும் பொருளைப் பெற்றுக்கொண்டு மறுப்பவனும் இவ்வழியே புகுந்துவிடுகிறான். அவ்வேளையில், பொதியைப் பெற்றவர் இட்ட கையொப்பமே நமக்குத் துணை.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்பதிவுகளுக்கும் சட்ட மதிப்பளிக்கிறது. ஆகவே, விலை பேசிய செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்; நாம் அன்று அழித்துவிட்டோம்.