மடைவாயும் இணைய வேகமும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்கு நீர் குறைந்தால், உழவர் 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாற்று அணையைப் பழிக்குமுன் தம் மடைவாயைப் பார்ப்பார். நானோ, பெயர்த்தியின் தேர்வு விண்ணப்பம் இறுதி நாளில் நகராது நின்றபோது, இணைய நிறுவனத்தையே கடிந்தேன். அவள் ரௌட்டரிலிருந்து கம்பியை மடிக்கணினியில் நேரே செருகி வேகத்தை அளந்தாள். கட்டணத்துக்குரிய வேகம் குறைவின்றி வந்தது. குறை வீட்டினுள்ளேதான்! இரும்புப் பீரோவும் தடித்த சுவர்களும் வைஃபை அலையை மறித்தன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. சுவரைக் கடந்தால் தளரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவாயினும் தொலைவு செல்லும். ரௌட்டரை நடுக்கூடத்தில் உயர வைத்தோம், விண்ணப்பம் சென்றது. கம்பிவழி அளந்தும் வேகம் குறைந்தால் மட்டுமே நிறுவனத்திடம் முறையிடுக. அளந்தபின் தீர்ப்புச் சொல்லுக என மாணாக்கருக்கு ஓதிய நான், அதனைப் பெயர்த்தியிடம் கற்றேன்.