இதயத் தளர்ச்சியும் இல்லத்தின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் கண்டு மகிழ வந்திருக்கும் உங்கள்முன் நோயைப் பற்றிப் பேச நிற்கின்றேன். விருந்துக்கு முன் சிறிது கசப்பு மருந்து என்று கருதிப் பொறுத்தருள வேண்டுகின்றேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் இதயத் தளர்ச்சி. மருத்துவமனைகளில் ‘ஹார்ட் பெயிலியர்’ என்ற பெயரே வழங்குகின்றது.

பெயரால் விளையும் அச்சத்தை முதற்கண் நீக்க வேண்டும். இதயத்தசைக்கு இரத்தம் கொணரும் குழாய் திடீரென அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி பட்டுப்போவது மாரடைப்பு. இதயத் தளர்ச்சியிலோ இதயம் நின்றுவிடுவதில்லை. அதன் இறைக்கும் ஆற்றல் குறைகின்றது. ஓய்ந்திருக்கும் உடலிலும் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகின்றது. ஏற்றம் இறைப்பவன் கை தளர்ந்தால் முன்னே வயல் காயும்; பின்னே நீர் தேங்கும். அவ்வாறே உடலும் சோர்கின்றது; நுரையீரலிலும் கால்களிலும் நீர் கோத்துக்கொள்கின்றது. நடந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் திணறும், இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கினால்தான் உறக்கம் வரும், மாலையில் கணுக்கால் வீங்கும். இவற்றை முதுமையின் இயல்பு என்று தள்ளிவிடுவோர் நம்மில் பலர்.

மாரடைப்பு, நெடுநாள் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதுற்ற வால்வு ஆகியன இதன் முதன்மையான காரணங்கள். நம் நாட்டில் இதன் பளு எவ்வளவு என்பதற்குச் சில கணக்குகள் உள்ளன. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-ஆம் ஆண்டில் இந்நோயால் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களின் சராசரி வயது 61. ஓராண்டுக்குள் பத்தில் மூவர் மறைந்தனர். ஐந்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு 59 பேர் மறைந்தனர். பின்னர் நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 நோயாளிகளைக் கொண்டு எடுத்த தேசியப் பதிவேட்டிலும் சராசரி வயது 60-ஐ ஒட்டியே இருந்தது. தொண்ணூறு நாளுக்குள் நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்தனர். மேனாடுகளில் இந்நோய் வருவது இதற்குச் சுமார் பத்தாண்டு கழித்தேயாகும்.

அறுபது வயது என்றால் என்ன பொருள்? அலுவலிலிருந்து ஓய்வு பெறும் காலம். மகளின் திருமணமும் வீட்டுக் கடனும் முடிந்தும் முடியாமலும் நிற்கும் காலம். அப்போது ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவரைப் பார்க்க மற்றொருவர் விடுப்பெடுக்க வேண்டும். நாட்கூலி பெறுவோராயின் அன்றைய அடுப்பே அணையும்.

மருத்துவமனையின் துன்பமும் சிறிதன்று. மூச்சுத் திணறி வருபவருக்குப் பிராண வாயு கொடுத்து, ஊசியால் நீரை வடித்து, ‘எக்கோ’ எடுத்துப் பார்த்து, ஏறத்தாழ ஒரு வாரம் வைத்திருந்து அனுப்புகின்றனர். அவருள் பலர் சில மாதங்களில் மீண்டும் அதே வாயிலில் வந்து நிற்கின்றனர். அவர் படுத்த கட்டிலுக்காக வேறொருவர் தாழ்வாரத்தில் காத்திருக்கின்றார்.

மீண்டும் வருவது ஏன்? வீக்கம் வடிந்ததும் நோய் தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்துவது ஒரு காரணம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இலைக்குத் திரும்புவது மற்றொன்று. உப்பு சேருமிடத்தில் நீரும் சேரும். மூன்றாவது காரணம், தக்க மருந்தை முழுமையாகப் பெறாமையே. 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் ‘டிஜிட்டாலிஸ்’ இலையைப் பற்றி எழுதிய நாளிலிருந்து, இருநூறு ஆண்டுகள் வரை மருத்துவர் துயரைத் தணித்தனரே அன்றி ஆயுளை நீட்ட வழி கண்டிலர். 1987-இல் ‘எனாலாப்ரில்’ ஆயுளை நீட்டுவது மெய்ப்பிக்கப்பட்டது. பீட்டா தடுப்பிகள், ‘ஸ்பைரனோலாக்டோன்’, நீரிழிவு மருந்தாக வந்து, 2019-க்குப் பின் இந்நோய்க்கும் பயன்பட்ட ‘டாபாகிளிஃப்ளோசின்’ என ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இன்று நால்வகை மருந்துகள் இதயம் நலிந்தோர்க்குத் துணை நிற்கின்றன. ஆயினும் அத் திருவனந்தபுரப் பதிவேட்டில், இறைக்கும் ஆற்றல் குன்றியோருள்கூட நால்வரில் ஒருவரே நெறிமுறைப்படி மருந்து பெற்றிருந்தார்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018-இல் தொடங்கிய ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு மருத்துவமனைச் செலவைத் தாங்குகின்றது. வீடு திரும்பிய பின் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை பெரும்பாலும் கைப்பணத்தையே தின்னும். மத்திய அரசு ஊழியரான நம்மவர் பலர்க்கு மருந்தகம் உண்டு. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மையாருக்கு அது இல்லை. மக்கள் மருந்தகத்தில் இதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பதை அவருக்குச் சொல்வதும் ஒரு தொண்டே.

புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் தனியாக ஓர் இடர் உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கும் தாய்க்கு இந்தி தெரியாது. “படுத்தால் மூச்சு முட்டுகிறது” என்ற ஒரு வரியை அவரால் மருத்துவரிடம் சொல்ல இயலாது. உடன் செல்லும் மகன் அவசரத்தில் “இருமல்” என்று மொழிபெயர்த்துவிடுகின்றான். அவர் ஊர் திரும்புகையில் சிகிச்சைக் குறிப்பு இங்கேயே தங்கிவிடுகின்றது. மாத்திரை இரயிலிலேயே தீர்ந்துவிடுகின்றது.

ஆதலின் மூன்று செயல்களை வேண்டுகின்றேன். முதலாவது, நோயாளி உள்ள வீட்டில் நாள்தோறும் காலையில் எடை பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீர். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இரண்டாவது, மருத்துவர் சொல்லாமல் எம்மருந்தையும் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் புறப்படுமுன் மருந்தையும் குறிப்பையும் பெட்டியில் வையுங்கள். மூன்றாவது சங்கத்திற்கு: மருத்துவமனைக்கு உடன் சென்று தமிழில் கேட்டு, இந்தியில் எடுத்துரைக்கும் இளைஞர் பத்துப் பேரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

ஆண்டுக்கொருமுறை கூடித் தமிழ் வளர்ப்பது நன்று. தாயின் மூச்சுத் திணறலைத் தமிழில் கேட்டறிந்து மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் தமிழ்ப்பணியே.