கண்டித் தொகுதியும் கணவரின் நாற்காலியும்



'அம்ப யஹலுவோ' என்ற சிங்கள நாவலை உங்களிற் பலர் அறிவீர்கள். சாதியாலும் செல்வத்தாலும் வேறுபட்ட இரு சிறுவர்களின் நட்பைச் சொல்லும் நாவல். அதை எழுதிய ரி. பி. இலங்கரத்ன, அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக நின்று 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர், அதனால் உத்தியோகத்தை இழந்தவர், பின்னாளில் அமைச்சரானவர். அவரைப் பற்றிப் பேச ஆட்கள் உண்டு. அவருடைய மனைவி தமரா குமாரி இலங்கரத்னவைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. கண்டித் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற முதற் பெண் அவர்.

அவர் சென்ற விதத்தைக் கேளுங்கள். 1947இல் கண்டியில் வென்றவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா. தேர்தல் மனுவினால் அவர் பதவி பறிபோயிற்று. 1948 இடைத்தேர்தலில் இலங்கரத்ன வென்றார். அவருக்கும் அதே கதி. 1949இல் மறுபடியும் இடைத்தேர்தல் வந்தது. கணவர் நிற்க முடியாத இடத்தில் மனைவி நின்றார், வென்றார். 1952 வரை உறுப்பினராக இருந்தார்.

இது கண்டிக்கு மட்டும் உரிய கதையன்று. 1931இல் ருவான்வெல்லையில் அடலின் மொலமூரே தந்தையின் மறைவினால் வெற்றிடமான ஆசனத்துக்கு வந்தார். 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து, தேர்தல் மனுவில் கணவர் இழந்த ஆசனத்துக்கு வந்தார். 1948இல் அவிசாவளையில் குசுமசிறி குணவர்தன, கணவர் பிலிப் குணவர்தன பதவியிழந்தபோது வந்தார். பெண்ணை நாற்காலியில் அமர்த்தியது, பெரும்பாலும், ஆண் எழுந்துபோன வெற்றிடந்தான். வந்தவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு கதவு திறந்திருக்கவில்லை என்றே சொல்கிறேன்.

ஆனால், இந்தப் பெண்களுக்கு வாக்கும் ஆசனமும் கிடைக்க முன்னின்று பேசியவர்களில் ஒருவர் கண்டிக்காரர். மேலே சொன்ன ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி அக்னஸ் டி சில்வா, பறங்கியர் குலத்தவர். 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று சாட்சியமளித்தார். தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கண்டி நகரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை என்று, மலைச்சரிவுகளிற் கொழுந்தெடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தாம். நகரத்து வழக்கறிஞரின் மனைவி அவர்களை மறக்கவில்லை. அக்காலத்து அரசியலில் இது சாதாரண காரியமன்று. அதே காலத்தில், தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாட்டும் எழுத்துமாக உழைத்த மீனாட்சியம்மாளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் போடப்பட்டன. ஆயினும் பலர் வாக்களித்தனர். பின்னர் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. கண்டியிலிருந்து ஒரு பெண் பாராளுமன்றம் சென்ற அந்த ஆண்டிலேயே, கண்டி மலைகளின் தோட்டத்துப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் என்ற தகுதியை இழந்தார்கள்.

இனி மாகாண சபைக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் உருவான இந்தச் சபைகள் பெண்ணுக்கு ஒரு படிக்கட்டாக இருக்கக்கூடியவை. சந்திரிகா குமாரதுங்க அந்தப் படியில் ஏறியவர். 1993 மே மாதம் மேல் மாகாண முதலமைச்சர், 1994 ஓகஸ்ட் மாதம் பிரதமர், நவம்பர் மாதம் ஜனாதிபதி. பெற்றோர் இருவரும் பிரதமர்களாக இருந்த குடும்பம் என்பது உண்மைதான். என்றாலும் மாகாணத்தை ஆண்டு காட்டிய பின்னரே அவர் நாட்டை ஆளச் சென்றார்.

கண்டியில் பல்லேகலையை நிலைக்களனாகக் கொண்ட மத்திய மாகாண சபையில் முதலமைச்சராக ஒரு பெண்ணும் அமர்ந்ததில்லை. ஆயினும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசைச் சேர்ந்த அனுஷியா சிவராஜா அங்கே மாகாண அமைச்சராக இருந்தார். பின்னர் அக்கட்சியின் பொதுச் செயலாளராகவும் ஆனார். 1949இல் வாக்கிழந்த சமூகத்துப் பெண்ணொருவர் பல்லேகலையில் அமைச்சர் மேசைக்கு முன் அமர்ந்தார் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் படிக்கட்டு அடைபட்ட விதம் வேடிக்கையானது, வேதனையானதுங்கூட. 2017இல் மாகாண சபைத் தேர்தலில் பெண் வேட்பாளர்களுக்கு ஒதுக்கீடு வழங்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதற்குள் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் புகுத்தப்பட்டன. புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையிலும் நடத்த முடியாது, புதிய முறையிலும் நடத்த முடியாது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நிர்வாகம் ஆளுநரின் கைக்குப் போயிற்று. பெண்களுக்கு இடம் தருவதற்கென்று தொடங்கிய சட்டம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே இடத்தை இல்லாமற் செய்தது.

2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் சென்றது அதுவே முதற் தடவை. இருவரும் கணவரின் ஆசனத்துக்கு வந்தவர்களல்லர். தேசிய மக்கள் சக்தியின் பெருவெற்றியோடு வந்தவர்கள். அத்தேர்தல் நடந்தபோது, பல்லேகலையில் மக்கள் தெரிவு செய்த சபை ஒன்று இல்லாமல் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.