சமத்துவபுரமும் கண்ணகி நகரும்



நான் கண்ணகி நகர்க்காரன். ஆனால் பிறந்தது கூவம் கரையில். ஏழாம் வகுப்புப் பாதியில் ஒருநாள் காலை லாரி வந்து நின்றது. பாத்திரம், பீரோ, பாட்டி எல்லாம் ஒரே லாரியில். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தார், நடந்தே போய்வருவார். அந்த மாதமே மூன்று வீடு கைவிட்டுப் போனது. மிச்சமிருந்த ஒரு வீட்டுக்காக இருட்டோடு பஸ் ஏறினார். இன்று பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, நல்ல காரியம். வழியில் போகும் மூன்று மணி நேரம் மட்டும் குறையவில்லை.

'குடிசைக்குப் பதில் கல்வீடு கொடுத்தார்களே' என்பார்கள். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. அதை விடுங்கள். நான் கேட்பது வேறு.

1997இல் கலைஞர் ஆட்சி சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தது. 100 வீடு என்றால் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பொதுச் சுடுகாடு. வாசலில் பெரியார் சிலை. ஊரும் சேரியும் பிரிந்திருக்கும்வரை சாதி சாகாது என்று அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது. நடைமுறையில் எவ்வளவு தேறியது என்பது தனிப் பேச்சு. அதே ஆட்சியில்தான், 2000இல், கண்ணகி நகரில் ஆட்களைக் குடியேற்றத் தொடங்கினார்கள். ஆட்சிகள் மாறின, லாரிகள் நிற்கவில்லை. அங்கே மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வந்தவர்களில் பெரும்பான்மை தலித்துகள். கிராமத்தில் சேரியைக் கலைக்கிறோம் என்றவர்கள் நகரத்துக்கு வெளியே சேரி கட்டினார்கள்.

ஐடிஐ முடித்து, பக்கத்து ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். மேற்பார்வையாளர் முகவரியைப் படித்தார். "அந்த ஏரியாவா?" என்றார். விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டார். என்ன சாதி என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ஆற்றங்கரையில் வெள்ளம் வரும், அதனால்தான் அகற்றுகிறோம் என்கிறார்கள். கொண்டுபோய் வைத்ததோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி! 2015 மழையில் செம்மஞ்சேரி தண்ணீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டினார்கள். அன்றைக்கு முடிந்தது. கரையை விட்டு நகர்த்த வேண்டுமா, நகர்த்துங்கள். அதே வார்டில், அதே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் வீடு கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மற்ற சாதிக்காரர்களும் குடியிருக்கட்டும்.