வரி கட்டாதவர் யார்?

(இளைஞர்கள், வணிகர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

"வரி கட்டுவது நாங்கள், அனுபவிப்பது அவர்களா?" என்ற பேச்சை நீங்கள் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேட்டிருப்பீர்கள். ஏழைகளுக்கு ஓர் உதவி அறிவிக்கப்பட்டால் போதும், இந்தக் குரல் உடனே எழும். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் 2024 ஜூலை 31-க்குள் தாக்கலான வருமான வரிக் கணக்குகள் 7.28 கோடி. அப்படியானால் மற்றவர்கள் எல்லாம் வரி கட்டாதவர்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை தேடி அலையும் இளைஞர் ஒருவர் 236 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிறார். அதில் 36 ரூபாய் ஜி.எஸ்.டி. கூலித் தொழிலாளி 21 ரூபாய்க்கு வாங்கும் சோப்பில் ஒரு ரூபாய் வரி. இது 2025 செப்டம்பரில் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த பிறகு உள்ள கணக்கு. பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. அதன் விலைக்குள் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும் அடங்கியிருக்கின்றன. ஆக, இந்த நாட்டில் வரி கட்டாதவர் என்று ஒருவரும் இல்லை. கட்டுவது தெரியாமல் கட்டுகிறவர்கள்தாம் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் கடை அலமாரியில் எழுதியிருக்கும் விலை வேறு, கல்லாவில் கொடுக்கும் தொகை வேறு. மாநில விற்பனை வரி கல்லாவில்தான் சேரும். ஒவ்வொரு முறையும் வாங்குபவர் கண்ணில் அது படும். பிரிட்டனில் 20 சதவீத வாட் வரி விலைக்குள்ளேயே அடங்கிவிடும். ஜப்பானில் இது பெரிய விவாதமாகவே நடந்தது. அங்கே நுகர்வு வரி 1989-இல் 3 சதவீதமாகத் தொடங்கி 2019-இல் 10 சதவீதமானது. வரியும் சேர்ந்த மொத்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்று 2004-இல் கட்டாயமாக்கினார்கள். வரி உயர்வு வந்தபோது, 2013-இல் வணிகர்களுக்காக அதைத் தளர்த்தினார்கள். 2021 ஏப்ரலில் மறுபடியும் கட்டாயமாக்கினார்கள்.

நம்மவர் பலர் பிழைக்கப் போன மலேசியாவின் அனுபவம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2015 ஏப்ரலில் அங்கே 6 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. கடை ரசீதுகளில் அந்த வரி தனி வரியாக அச்சாகி வந்தது. மக்கள் தினமும் அதைப் பார்த்தார்கள், கொதித்தார்கள். 2018 மே தேர்தலில் அது பெரும் பிரச்சினையாகி ஆட்சியே மாறியது. ஜூன் முதல் தேதி ஜி.எஸ்.டி. பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரிமுறை திரும்பியது. விற்பனை வரி ஆலையிலும் இறக்குமதியிலும் வசூலாகிறது. கடை ரசீதில் அது தெரியாது. மொத்தச் சுமை குறைந்தது உண்மைதான். ஆனால் மிச்சமிருந்த சுமையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போனது. சேவை வரி 2024 மார்ச்சில் பல இனங்களில் 8 சதவீதமாக உயர்ந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பார்த்த வரியைப் பற்றித்தான் மக்கள் கேள்வி கேட்கிறார்கள். மறைந்த வரியைப் பற்றிக் கேள்வியே எழுவதில்லை. ஆள்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் நாட்டில் 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. ரசீதில் வரியைத் தனியே காட்ட வேண்டும். ஆனால் 200 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை வியாபாரத்தில், வாங்குபவர் கேட்காவிட்டால் ரசீது தரவேண்டியதில்லை. அன்றாடம் சில்லறையாக வாங்கிப் பிழைப்பவர் யார்? ஏழைதான். தான் கட்டும் வரியைக் காணும் வாய்ப்பு அவருக்குத்தான் மிகக் குறைவு. பொட்டலத்தின் மேல் 'அனைத்து வரிகளும் உட்பட' என்று ஒரு வரி எழுதியிருக்கும். எத்தனை ரூபாய் என்று அதில் இராது.

வணிகச் சகோதரர்களே! சம்பளம் இல்லாத வரி வசூலிப்பவர் நீங்கள். சரக்கைக் கடனுக்குக் கொடுத்தாலும் வரியை உரிய தேதியில் செலுத்தியாக வேண்டிய நெருக்கடி உங்களுக்கு உண்டு. ஆனாலும் வாடிக்கையாளரிடம் வாங்கிய வரிப்பணம் உங்கள் கையில் உள்ள அமானிதம். அதை நேர்மையாகச் செலுத்துங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ரசீது கொடுங்கள். அதில் வரித்தொகை தெளிவாகத் தெரியட்டும். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

இளைஞர்களே! ஒரு மாதம் உங்கள் வீட்டு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ரீசார்ஜ், சோப்பு, பிஸ்கட், மருந்து என்று வரியைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை உங்கள் தெருவில் ரசீது வாங்கிப் பழகாத தாய்மார்களுக்கும் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலோ நகராட்சி அலுவலகத்திலோ ஒருவர் உங்களை இலவசத்துக்கு வந்தவர் போல நடத்தினால், தலைகுனிந்து நிற்காதீர்கள். நானும் வரி கட்டியவன் என்று சொல்லி, உங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள்.